சந்தும் சந்தையும்

அயல்நாட்டுப் பிரயாணம் முடித்துத் திரும்புகிறவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தால், பெரும்பாலோர் அரண்மனைகளையும் பொருட்காட்சிச் சாலைகளையும் கோபுரங்களையும் வரிசையாகச் சொல்லுவார்கள்; அவற்றின் அருமையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் ஒரு ஜனசமூகம் தன் பெருமையைப் பிறர் பார்வைக்கென்று எடுத்து வைத்திருக்கும் இடம் வேறு. தன் பாட்டில் உண்டு, உடுத்து, உழைத்து, விற்று, வாங்கி வாழ்கிற இடம் வேறு. இந்த இரண்டாவது இடத்தைக் காண விரும்புகிறவன் நகரத்தின் பழைய பகுதிக்குள் புகுந்து, அவசரம் இல்லாமல் அதன் சந்துகளில் நடந்து, அதன் கடைத்தெருவில் ஏதேனும் ஒரு பொருளைக் கையில் எடுத்து விலை கேட்டு நிற்க வேண்டும். அப்படி நிற்கிற அரை நாழிகையில் கிடைக்கும் ஞானம், வழிகாட்டிப் புத்தகங்களை எத்தனை முறை புரட்டினாலும் கிடைப்பதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தை எனக்கு உறுதிப்படுத்திய நகரம் ஃபெஸ். மொராக்கோ தேசத்தின் வடபகுதியில், குன்றுகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் சரிந்து கிடக்கும் இந்தப் பட்டணத்துக்கு வயது ஆயிரத்திருநூறைத் தாண்டிவிட்டது. 789-இல் முதலாம் இத்ரீஸ் என்னும் அரசர் ஆற்றின் கீழ்க்கரையில் ஒரு குடியிருப்பை நிறுவினார். 809-இல் அவருடைய குமாரர் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையில் இன்னொரு நகரை எழுப்பினார். ஸ்பெயினில் கொர்தோபா நகரத்தில் 818-இல் கலகம் மூண்டு, அதன் பயனாகத் துரத்தப்பட்ட குடும்பங்கள் கீழ்க்கரையில் வந்து தஞ்சம் புகுந்தன. துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மேற்கரையில் குடியேறினார்கள். கைரவான்காரர்களில் செல்வந்தரான ஒரு வணிகரின் மகள் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி, தமக்கு வந்த பிதிரார்ஜிதத்தைச் செலவிட்டு 859-இல் ஒரு மசூதி கட்டினார் என்பது பரம்பரையாக வழங்கும் வரலாறு. அந்தக் கராவியீன் மசூதிதான் நாளடைவில் ஒரு மகா வித்யாபீடமாக வளர்ந்து, இன்றும் நகரத்தின் நடுநாயகமாக இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் அல்மொராவிது வம்சத்தார் இரு கரை நகரங்களையும் ஒன்றாக்கினார்கள். 1276-இல் மரீனிது வம்சத்தார் மேற்கே வேறொரு நகரம் கட்டினார்கள். ஆகவே அங்குள்ளவர்கள் ‘புது ஃபெஸ்’ என்று சொல்லுகிற பகுதிக்கே எழுநூறு வயது கடந்துவிட்டது. பழைய ஃபெஸ் எத்தனை பழையது என்பதை வாசகர்கள் இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த நகரத்துக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் உலகத்தின் பாதியைச் சுற்றி வந்த இப்னு பதூதா, மதுரையில் அப்போது ஆட்சி செய்த சுல்தான் கியாசுத்தீனுக்குச் சகலை முறையினர். அவர் நம் கடற்கரைக்கு வந்து, மதுரையைக் கண்டு, அங்கே பரவியிருந்த கொள்ளைநோயையும் கண்டு, அந்தச் சுல்தானின் கொடுமையை ஒளிக்காமல் எழுதி வைத்தவர். அவ்வளவு தூரம் அலைந்து திரும்பியவர் தம் யாத்திரையின் வரலாற்றை வாய்மொழியாகச் சொல்ல, இப்னு ஜுஸைய் என்னும் புலவர் எழுதியது ஃபெஸ்ஸின் அரசவையில்தான்; ஆண்டு 1355. அப்படி எழுதுமாறு ஆக்ஞாபித்த அபூ இனான் என்னும் சுல்தான் கட்டிய கல்விச்சாலை, மரச் சிற்பமும் சுண்ணச் சிற்பமும் ஓட்டுச் சித்திரமும் நிறைந்து, பழைய நகரத்துப் பிரதான வீதியில் இன்றும் நிற்கிறது. நம் மதுரையைப் பற்றிய ஒரு சாட்சியம் இந்தச் சந்துகளுக்கு நடுவே உருவாயிற்று என்னும் நினைவு, அங்கே நடக்கிற தமிழனுக்கு முற்றிலும் அந்நியமான ஊரில் நடக்கிறோம் என்னும் எண்ணத்தைப் போக்கிவிடுகிறது.

பழைய ஃபெஸ்ஸுக்குள் மோட்டார் வண்டிகள் ஓடுவதில்லை. ஓடுவதற்கு வழியும் இல்லை. மேற்கு ஓரத்தில் பாப் பூ ஜெலூத் என்னும் வாசல் இருக்கிறது. வெளிப்புறம் நீல ஓடும் உட்புறம் பச்சை ஓடும் பதித்த அழகிய வாசல். பார்ப்பவர்கள் புராதனம் என்று எண்ணுவார்கள். ஆனால் இது 1913-இல் கட்டப்பட்டது. அதைத் தாண்டியதும் தாலா கெபீரா, தாலா ஸ்கீரா என்னும் இரண்டு வீதிகள் சரிவில் இறங்கிக் கராவியீனை நோக்கிச் செல்கின்றன. வீதிகள் என்று சொன்னேனே தவிர, நம் ஊர்க் கணக்கில் அவையும் சந்துகள்தாம். அவற்றிலிருந்து கிளைக்கும் சந்துகளும், சந்துகளிலிருந்து கிளைக்கும் முடுக்குகளும் ஒன்பதாயிரத்துக்கு மேல் என்று சொல்லுகிறார்கள். எரிவாயு உருளைகளும் மூட்டைகளும் பச்சைத் தோல்களும் சுமந்த கோவேறு கழுதைகள் பின்னாலிருந்து வரும், ஓட்டுகிறவன் “பாலக்! பாலக்!” என்று கூவினால், தேசம் பாஷை பாராமல் எல்லோரும் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டியதுதான்.

இந்தச் சந்துகளில் முதல் தடவை நடக்கிறவனுக்கு எல்லாம் ஒரே குழப்பமாகத் தோன்றும். ஆனால் அந்தக் குழப்பத்துக்குள் ஒரு கிரமம் இருக்கிறது. மசூதியை அடுத்து அத்தாரீன் என்னும் வாசனைத் திரவியக் கடைவீதி, அதை ஒட்டித் துணிகளும் பட்டும் விற்கும் கூரை வேய்ந்த அங்காடி, மசூதியின் நூலகத்துக்குப் பக்கத்தில் சஃபாரீன் என்னும் செம்புக் கொட்டர்களின் சதுக்கம், தச்சர்களுக்கு ஓரிடம், மருதாணி விற்பவர்களுக்கு ஒரு சிறு முற்றம், நீரும் வேண்டும், நாற்றமும் உண்டு என்பதால் தோல் பதனிடுகிறவர்களுக்கு ஆற்றங்கரை ஓரம். அந்தத் தோல் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறாவின் எச்சமும் கலந்த நீரில் மனிதர்கள் முழங்கால் ஆழத்துக்கு இறங்கித் தோலை மிதிக்கிறார்கள். மேல்மாடத்திலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாத் தழை கொடுக்கிறார்கள். தொழில் தொழிலாக வீதி பிரிந்த இந்த அமைப்பை, ஃபெஸ்ஸில் வளர்ந்து பிற்பாடு ஐரோப்பாவில் லியோ ஆஃப்ரிகானஸ் என்று பெயர் பெற்ற ஹசன் அல்-வஸ்ஸான், 1550-இல் வெனிஸில் அச்சான தம் நூலில் வீதி வீதியாக வர்ணித்திருக்கிறார்.

கடைவீதியை விட்டு உள்ளே திரும்பினால் குடியிருப்புகள். அங்கே ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு மசூதி, ஒரு குர்ஆன் பள்ளி, ஒரு நீர்த்தாரை, ஒரு குளிப்பிடம், ஒரு ரொட்டி அடுப்பு என்று ஐந்து அங்கங்கள் உண்டு. வீட்டில் பிசைந்த மாவைக் குழந்தைகள் பலகையில் வைத்துத் துணியால் மூடித் தெருக்கோடி அடுப்புக்கு எடுத்துப் போகிறார்கள். அத்தனை வீட்டு ரொட்டிகளும் ஒன்றாக வெந்தாலும் எது எவர் வீட்டு ரொட்டி என்பது அடுப்புக்காரருக்குத் தெரியும். வீடுகளுக்குத் தெருப்பக்கம் அழகு கிடையாது. உயர்ந்த மொட்டைச் சுவர், அதில் ஒரு கதவு, அவ்வளவுதான். முற்றமும் நீரூற்றும் சித்திர வேலையும் உள்ளே, குடும்பத்தாரின் கண்ணுக்கு மட்டும். முடுக்குகளில் பல, ஒரு வீட்டுக் கதவோடு முடிந்துபோகும். அந்த முடுக்கில் வந்து நிற்கிற அந்நியனை யாராவது ஒருவர் நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். அது சந்தேகத்தால் எழுந்த கேள்வி என்று பிரயாணி வருந்த வேண்டியதில்லை. அந்த ஊரில் இடங்கள் மனிதர்களைக் கொண்டு அறியப்படுகின்றன, அவ்வளவே. இன்னாருடைய வீட்டை அடுத்து, இன்னாருடைய அடுப்புக்கு எதிரே என்றுதான் அங்கே முகவரி. படத்தைப் பார்த்து நடக்கிறவனைவிட வாய் திறந்து கேட்டு நடக்கிறவன் சீக்கிரம் போய்ச் சேருகிறான்.

சந்தில் செல்லுபடியாகும் இந்த நியாயமே சந்தையிலும் செல்லுபடியாகிறது என்பதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பெயர்ப்பலகை இல்லாத முடுக்கும் விலைச்சீட்டு இல்லாத சரக்கும் பிரயாணியிடம் ஒரே காரியத்தைத்தான் எதிர்பார்க்கின்றன: அவன் ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், அந்த மனிதன் சொல்லுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பேரம் என்றால் ஏமாற்றுகிறவனுக்கும் ஏமாறாதிருக்க முயலுகிறவனுக்கும் நடக்கும் போர் என்று எண்ணுகிறவர்கள் பலர். அந்த எண்ணம் அரைகுறையானது. பேரம் முதன்மையாக ஒரு விசாரணை. பொருளைப் பற்றிய விசாரணை, அதைச் செய்தவனைப் பற்றிய விசாரணை, எதிரே நிற்கிற ஆளைப் பற்றிய விசாரணை.

இதைச் சாஸ்திர ரீதியாகவும் ஒருவர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். ஃபெஸ்ஸுக்குத் தெற்கே சுமார் முப்பது கிலோமீட்டர் தூரத்தில் செஃப்ரூ என்று ஒரு சிறு நகரம். அதன் சந்தையை நெடுங்காலம் கவனித்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், தம் முடிவுகளை 1978-இல் ஒரு சிறு கட்டுரையாகவும் 1979-இல் ஒரு நீண்ட ஆய்வாகவும் வெளியிட்டார். அவர் கண்ட சாராம்சம் இது: சந்தையில் உண்மையில் அரிதாக இருப்பது சரக்கு அன்று, செய்தி. எந்தப் பொருளின் தரம் என்ன, இன்றைக்கு என்ன விலை போகிறது, யாரிடம் நல்ல சரக்கு இருக்கிறது, செய்கூலி எவ்வளவு என்பவை ஒரே சீராக எல்லோருக்கும் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் எளிதில் சொல்லிவிடுவதில்லை. ஆகவே சந்தைக்கு வருகிறவனின் உழைப்பெல்லாம் இந்தச் செய்தியைத் தேடுவதிலேயே போகிறது. அந்தத் தேட்டத்துக்கு இரண்டு வழிகள். பத்துக் கடை ஏறி இறங்குவது ஒன்று. ஒரே கடைக்காரரிடம் உட்கார்ந்து ஆழமாகப் பேசுவது மற்றொன்று. புதுக் கார்களைப் போல ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லாத பொருள்களுக்கு முதல் வழி போதும். தன் சரித்திரம் தனக்கென்று உள்ள பொருள்களுக்கு இரண்டாவது வழிதான் பயன்படும் என்பது அவர் கருத்து. அத்துடன், பேரத்தில் அசைவது விலை மட்டும் அன்று. விலை நிலைத்து நிற்க, அளவும் தரமும் அசைவதும் உண்டு என்று அவர் எடுத்துக் காட்டினார். ஒரே கடைக்காரரிடம் வாடிக்கையாகத் திரும்பத் திரும்பப் போவதும் இந்தக் காரணத்தாலேயே. வாடிக்கை என்பது பாசத்தினால் மட்டும் வந்ததன்று, தேடும் சிரமத்தைப் பாதியாகக் குறைக்கும் உபாயம்.

இதன் உண்மையை நான் சஃபாரீன் சதுக்கத்தில் கண்டேன். அங்கே சுத்தியல் ஓசை ஓய்வதில்லை; கல்யாண விருந்துக்குச் சமைக்கும் ராட்சதக் கொப்பரைகள் வெளியே கவிழ்ந்து கிடக்கும். ஒரு முதியவர் தரையில் அமர்ந்து செம்புத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். பேரன் பக்கத்தில் நின்று வியாபாரம் பார்த்தான். நடுத்தர அளவில் ஒரு செம்புப் பாத்திரத்தை எடுத்து, “ப்ஷ்ஹால்?” என்று விலை கேட்டேன். முதியவர் தலை நிமிராமலே ஏதோ சொன்னார்.

“அறுநூறு திர்ஹம் என்கிறார் தாத்தா. ஐயாவுக்கு எந்த ஊர்?” என்று பேரன் ஆங்கிலத்தில் கேட்டான்.

இந்தியா என்றதும் அவன் முகம் மலர்ந்து ஒரு ஹிந்தி நடிகரின் பெயரைச் சொன்னான். ஹிந்தித் திரைப்படங்களுக்கு அந்தத் தேசத்தில் நெடுநாளாகவே மிகுந்த செல்வாக்கு. நான் விலையைப் பற்றிப் பேசாமல் பாத்திரத்தைத் திருப்பி உள்ளே பார்த்தேன். நம் வீடுகளில் செம்பும் பித்தளையும் புழங்கிய காலத்தில், ஈயம் பூசாத பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, செம்பைக் கண்டதும் கை தானாக உட்புறத்தைத் தடவும்.

“ஈயம் எப்போது பூசியது என்று தாத்தாவிடம் கேள், தம்பி. கழுத்துப் பக்கம் மெல்லிசாக இருக்கிறது. அடி மட்டும் தடிப்பாக இருக்கிறதே.”

பேரன் இதைச் சொன்னதும் சுத்தியல் நின்றது. முதியவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்கள் ஊரிலும் செம்பு தட்டுகிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறார் தாத்தா.”

இருக்கிறார்கள், ஆனால் வரவரக் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய், தூசி படிந்த வேறொரு பாத்திரத்தைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார். கனம் கையை இழுத்தது. விளிம்பில் மடிப்பு ஒரே சீராக ஓடியது. உள்ளே ஈயம் வெள்ளியாக மின்னியது. வெளிப்புறத்துச் சுத்தியல் தழும்புகள், இது இயந்திரத்தில் அடித்தது அன்று, கையால் தட்டியது என்பதை அடிக்கு அடி எழுதிக் காட்டின. முதலில் பார்த்தது சுற்றுலாப் பிரயாணிகளுக்கு, இது ஊர்க்காரர்களுக்கு என்று பேரன் விளக்கினான். இதற்குப் பிறகுதான் தொகையைப் பற்றிய பேச்சு ஆரம்பமாயிற்று. நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். செம்பின் விலையையும் தகட்டின் எடையையும் கூலியையும் அவர் விரல் மடக்கிக் கணக்குக் காட்டினார். கடைசியில் நானூற்றைம்பது திர்ஹத்துக்கு முடிந்தது. முதலில் கேட்ட மெல்லிய பாத்திரத்துக்குச் சொன்ன விலையைக் காட்டிலும் குறைவாக, அதைவிட எத்தனையோ மேலான பாத்திரம் கிடைத்தது. இதில் அவர் தோற்றுவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். அவருக்குக் கட்டுபடியாகாத விலைக்கு அவர் கொடுக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. என் கையில் உள்ள பணத்தை அல்ல, கண்ணில் உள்ள கவனத்தை மதித்துத்தான் அவர் உள்ளே எழுந்து போனார். விலைச்சீட்டு ஒட்டிய கடையாக இருந்தால் அந்த இரண்டாவது பாத்திரம் வெளியே வந்திருக்காது.

பேரம் எல்லாம் இப்படி இருவருக்குள்ளே அந்தரங்கமாக நடப்பதும் இல்லை. பதனிட்ட தோல்களையும் பல்கா என்னும் மிதியடிகளையும் மொத்தமாக விற்கும்போது, தெல்லால் எனப்படும் ஏலக்காரன் சரக்கைத் தோளில் சுமந்து, கடைசியாகக் கேட்ட விலையை உரக்கக் கூவிக்கொண்டே கடை கடையாக நடக்கிறான். ஒருவன் சற்று ஏற்றிக் கேட்டால் அடுத்த கடையில் அந்த விலையைக் கூவுகிறான். நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு, அதே காரியத்தை நேர் எதிரான முறையில் செய்கிற இந்தக் கூவல் வியப்பைத் தரும். இங்கே பார்வையாளன் கவனிக்க வேண்டியது, தொழிலாளியும் வியாபாரியும் தங்களுக்குள் எந்த விலைக்குக் கைமாற்றுகிறார்கள் என்பது. சில்லறைக் கடையில் கேட்கும் விலைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அறிந்துகொள்ள அதைவிட நேர்மையான வழி இல்லை. காதில் விழும் எண்கள் மலைக்கும்படி பெரிதாக இருந்தால் பயப்பட வேண்டாம்: திர்ஹம்தான் நாணயம் என்றாலும், ஜனங்கள் வாய்ப்பேச்சில் இருபது ரியால் ஒரு திர்ஹம் என்று பழைய கணக்கில் பேசுவது உண்டு.

நிர்ணய விலை என்பது உலகத்துக்கு வெகு சமீபத்தில் வந்த வழக்கம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய குவேக்கர்கள், கொடுக்க நினைக்கும் விலை ஒன்றும் கேட்கும் விலை வேறொன்றுமாக இருப்பது அசத்தியம் என்று கருதி, ஒரே விலை சொல்லி விற்கத் தொடங்கினார்கள். சிறு குழந்தையை அனுப்பினாலும் அவர்கள் கடையில் ஏமாறாது என்னும் நற்பெயர் அவர்களுக்கு வந்தது. 1852-இல் பாரிஸில் அரிஸ்தீத் பூசிகோ, போன் மார்ஷே என்னும் கடையில் பங்காளியாகச் சேர்ந்து, விலை குறித்த சீட்டுடன் பொருள்களை அடுக்கி, யாரும் உள்ளே வந்து வாங்காமலும் போகலாம் என்னும் முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1853-இல், அதே பாரிஸின் நிர்வாகத்தை ஏற்ற ஒஸ்மான் பிரபு, பழைய சந்துகளை இடித்து நேரான அகன்ற சாலைகளைப் போட ஆரம்பித்தார். இந்த இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே நகரத்தில் நடந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. தெருவும் விலையும் நேராக்கப்பட்டன. யாரையும் எதையும் கேட்க வேண்டாத நகரம் ஒன்று பிறந்தது.

அந்த நகரம் ஃபெஸ்ஸுக்கும் வந்து சேர்ந்தது. 1912-இல் ஃபெஸ் உடன்படிக்கையால் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்ததும், முதல் ரெஸிடெண்ட் ஜெனரலாகிய லியோத்தே, பழைய நகரங்களை இடிக்காமல் அப்படியே வைத்து, ஐரோப்பியர்களுக்கென்று தனியே புது நகரங்களை அமைக்கும் கொள்கையை வகுத்தார். நகர அமைப்பாளர் ஆன்ரி ப்ரோஸ்த் அதற்கு வடிவம் கொடுத்தார். இந்தக் கொள்கையால் பழைய ஃபெஸ் இடிபடாமல் தப்பியது என்பது உண்மை. ஜனங்களை இனவாரியாகப் பிரித்து, புதிய வசதிகளையெல்லாம் ஒரு பக்கமே குவித்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை. பிற்காலத்தில் பழைய நகரத்துச் செல்வக் குடும்பங்கள் பல புது நகரத்துக்கும் காசாபிளாங்காவுக்கும் பெயர்ந்தன. அவர்களுடைய மாளிகைகளில் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக வாடகைக்குப் புகுந்தன. சந்துகளின் அழகை ரசிக்கிற பிரயாணி, அந்தச் சந்துகளின் நெருக்கடியில் வாழ்வது எளிதன்று என்பதையும் உணர வேண்டும். பழமையைப் போற்றுவது வேறு, பிறருடைய வறுமையைக் காட்சிப் பொருளாக்குவது வேறு.

நிர்ணய விலையையும் நான் நிந்திக்கவில்லை. கூச்சம் உள்ளவர்களும், நாவன்மை இல்லாதவர்களும், நேரம் இல்லாத உழைப்பாளிகளும் அதனால் பெற்ற நன்மை பெரிது. ஃபெஸ்ஸிலேயே அன்றாட ரொட்டிக்கும் கறிகாய்க்கும் யாரும் நெடுநேரம் வாதாடுவதில்லை. பழைய காலத்து முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி எடைக்கற்களையும் அளவைகளையும் சோதித்து, கலப்படம் செய்கிறவனைத் தண்டித்து வந்தார். ஒவ்வொரு தொழிலுக்கும் அமீன் என்று ஒரு தலைவர் இருந்து வழக்குகளைத் தீர்த்தார். பேரம் நடக்கிற சந்தை நியாயம் இல்லாத சந்தை அன்று என்பதற்கு இவை சாட்சி. எடையில் பொய் இருக்கக் கூடாது. விலையில் பேச்சு இருக்கலாம். இந்த வித்தியாசத்தை அறிந்தவர்கள்தாம் அந்தச் சந்தையை இத்தனை நூற்றாண்டுகள் நடத்தி வந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பிரயாணி இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறான். பேரத்தை ஒரு வெற்றியாக நினைத்து, சொன்ன விலையில் எத்தனை பங்கு குறைத்தேன் என்று ஊருக்குத் திரும்பிப் பெருமை பேசுகிறவன் ஒருவன். தன் ஓட்டலில் ஒரு வேளை உணவுக்குக் கொடுக்கிற பணத்தைக் கைத்தொழிலாளியின் பல நாள் உழைப்புக்குக் கொடுக்க மனமில்லாமல், அவன் பத்துத் திர்ஹத்துக்காக நிற்கிற நிலையைக் கண்டும் காணாமலும் போகிறவன் இவன். மற்றொருவன் இரக்கம் மிகுந்து, அல்லது தொந்தரவு வேண்டாமென்று, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறவன். இவன் நல்லவன்தான், ஆனால் இவனைப் போன்றவர்கள் நிறைந்த வீதியில் தொழிலாளியின் பொருளுக்குப் பதில் இயந்திரத்தில் செய்த மலிவான சரக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது, பார்க்காமலே வாங்குகிறவனுக்குப் பார்த்துச் செய்த பொருள் எதற்கு? முன்னவன் உழைப்பை அவமதிக்கிறான். பின்னவன் கைத்திறனைக் கவனிக்கத் தவறுகிறான். இருவரும் எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதனை அறிந்துகொள்ளவில்லை.

பேரத்துக்கு ஒரு தர்மம் உண்டு. வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு விலை சொல்லக் கூடாது. வேடிக்கைக்குப் பேசுவது வியாபாரியின் நேரத்தைத் திருடுவது. நாம் சொன்ன விலைக்கு அவன் இசைந்துவிட்டால், இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று பின்வாங்காமல் வாங்கிவிட வேண்டும். சந்தையில் வாய்ச்சொல்லே பத்திரம். பொருளைக் குறை சொல்வதானால் உண்மையான குறையைச் சொல்ல வேண்டும்; நல்ல வேலையைக் கண்டால், விலை ஏறிவிடும் என்று அஞ்சாமல் வாய்விட்டுப் பாராட்ட வேண்டும். தேநீர் கொடுத்தால் குடிக்கலாம். குடித்ததனால் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை, வாங்காமல் போகிறவனையும் அவர்கள் சலாம் சொல்லி அனுப்பத்தான் செய்கிறார்கள். தரகர் அழைத்துப் போகிற கடையில் தரகும் விலையில் சேரும் என்பதை எந்த ஊர்க்காரரும் அறிவார். ஆகையால் தன் காலால் தேடிப் போகிற கடையே உத்தமம். இயன்றவரை விற்கிறவனைவிடச் செய்கிறவனிடம் வாங்குவது எல்லாவற்றினும் மேலானது.

1980-இல் யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் ஃபெஸ் நகரத்தைக் காப்பாற்ற உலகத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். 1981-இல் அந்தப் பழைய நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு மதில்களும் கல்விச்சாலைகளும் வணிகர் தங்கும் பழைய சத்திரங்களும் செப்பனிடப்பட்டு வந்திருக்கின்றன. சுவரைக் காப்பாற்றச் சுண்ணாம்பும் மரமும் பணமும் இருந்தால் முடியும். சந்தையைக் காப்பாற்ற அவை போதா. செம்பு தட்டுகிறவனின் பேரன் சுத்தியலை எடுப்பதா, புது நகரத்துக்கு வேலை தேடிப் போவதா என்பதை முடிவு செய்வது, அவன் தட்டிய பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்து, தரம் அறிந்து, நியாயமான விலை கொடுக்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதுதான். இது ஃபெஸ்ஸுக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

ஆகவே அயல்நாடு செல்லும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. பழைய நகரங்களுக்குப் போங்கள். வழியைக் கேட்டு நடங்கள். விலையைக் கேட்டு வாங்குங்கள். வேண்டிய மட்டும் பேசுங்கள். ஒப்புக்கொண்ட விலையை முகம் சுளிக்காமல் எண்ணி வையுங்கள். நூறு பொருள்களைப் பார்த்துவிட்டு எதையும் கேட்காமல் திரும்புகிறவனைவிட, ஒரே ஒரு பாத்திரத்துக்கு நியாயமாக விலை பேசித் திரும்புகிறவன் அந்தத் தேசத்தை அதிகம் அறிந்தவன்.